அட்டையை எந்தப் பக்கம் வெட்டணும்?

சித்தப்பாவின் மெடிக்கலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்காருவது எனக்குப் பல வருசப் பழக்கம். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் ரோட்டை ஒட்டின சின்னக் கடை, முன்னால் ஒரு வேப்பமரம், உள்ளே ஒருத்தர் திரும்பினால் இன்னொருத்தர் ஒதுங்கணும். சித்தப்பா டி.பார்ம், அதாவது மருந்தாளுநர் படிப்பு, படித்தவர். சர்டிபிகேட் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது, சர்டிபிகேட்டுக்குச் சொந்தக்காரரும் தினமும் கடையில் இருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாக் கடையிலும் இந்த இரண்டும் சேர்ந்து இருப்பதில்லை.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருக்கும். எங்கள் பக்கம் மாத்திரையை முழு அட்டையாக வாங்குகிற ஆள் குறைவு. பீடி சுற்றிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிற அக்காமார், வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிற மாமாமார், எல்லாருக்கும் ‘காய்ச்சலுக்கு ரெண்டு, மேல்வலிக்கு ரெண்டு’தான். சித்தப்பா அட்டையை எடுப்பார், சரக் சரக்கென்று வெட்டுவார், காகிதக் கவரில் போட்டுக் காலைக்கும் ராத்திரிக்கும் நேரே பேனாவால் ஒரு கீறல் கீறுவார். முடிந்தது.

ஒரு நாள், அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெட்டுவதைக் கவனித்தேன். எந்தப் பக்கம் வெட்டினால் என்ன என்று கேட்டதற்கு, “ஏல, இந்த ஓரத்தைப் பாத்தியா, பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் இங்கனதான் அடிச்சிருக்கான். இதைக் கடைசி வரைக்கும் நம்ம கையில வச்சுக்கிடணும். எதுத்த ஓரத்துலேருந்து வெட்டிக்கிட்டு வரணும்” என்றார்.

பேட்ச் நம்பர் என்பது ஆலையில் ஒரே தடவையில் செய்த சரக்குக்குப் போடுகிற அடையாள எண். கடைக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் சரிதான். ஆனால் பத்து மாத்திரையை ஐந்து பேருக்கு இரண்டிரண்டாக வெட்டிக் கொடுத்தால் கடைசி ஆளுக்கு மட்டும்தான் அந்த நம்பர் போய்ச் சேரும். மற்ற நாலு வீட்டிலும் இருப்பது பேர் ஊர் தெரியாத மாத்திரை. பில்லும் கிடையாது. எட்டு ரூபாய்க்கு யார் பில் கேட்கிறார்கள்? கேட்டால் சித்தப்பாவே நிமிர்ந்து பார்ப்பார்.

இதெல்லாம் எனக்கு ஒரு பெரிய விசயமாகப் பட்டதே இல்லை, 2025 அக்டோபர் வரை.

அந்த வருசம் ஆயுத பூஜை அக்டோபர் 1. கடையைக் கழுவி, தராசு, கத்தரிக்கோல், கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தோம். அதே நாளில்தான் மத்தியப் பிரதேசத்திலிருந்து தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தகவல் வந்திருக்கிறது: சிந்த்வாரா பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகிறார்கள், குடித்த இருமல் மருந்து உங்கள் மாநிலத்தில் செய்தது. கோல்ட்ரிஃப். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்து ஆலை. பேட்ச் நம்பர் எஸ்.ஆர்.13.

விடுமுறை நாளிலும் அதிகாரிகள் போய் மாதிரி எடுத்து, 24 மணி நேரத்துக்குள் முடிவைச் சொன்னார்கள். மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி விசம். 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போய்விட்டார்கள்.

ஆலையைச் சோதித்தபோது கண்டுபிடித்த குறைகள் 350க்கும் மேல் என்று வந்தது. எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. 350 குறை ஒரு ராத்திரியில் முளைக்குமா? 2011இல் லைசென்ஸ் வாங்கின ஆலை அது. கடைசி இரண்டு வருசம் ஆய்வுக்கே போகவில்லை என்று இரண்டு அதிகாரிகளை சஸ்பெண்ட் செய்தார்கள். செய்யட்டும். ஆனால் 24 மணி நேரத்தில் விசத்தைக் கண்டுபிடிக்கிற திறமை நம்மிடம் இருக்கிறது, அதைப் பிள்ளைகள் சாகிறதற்கு முன்னால் பயன்படுத்துகிற ஏற்பாடுதான் இல்லை.

விசம் எப்படி உள்ளே வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருமல் மருந்தில் மருந்துச் சரக்கைக் கரைக்க புரொப்பிலீன் கிளைக்கால் என்று ஒரு திரவம் சேர்ப்பார்கள். அதில் மருந்துக்கென்று சுத்தப்படுத்தியது ஒன்று, தொழிற்சாலை வேலைக்கானது ஒன்று. இரண்டாவது விலை குறைவு, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பிரேக் ஆயிலில் போடுகிற சாமான் அது. நிறம் இல்லை, நாற்றம் இல்லை, குடித்தால் இனிக்கும். இனிக்கிறதுதான் கொடுமை, பிள்ளை துப்பாது. டிரம் வந்து இறங்கியதும் ஒரு சோதனை செய்தால் தெரிந்துவிடும். செய்யணும் என்றுதான் சட்டமும் சொல்கிறது.

இது புதுசும் இல்லை. 1937இல் அமெரிக்காவில் சல்பா என்கிற கிருமிக்கொல்லி மருந்தை இதே டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்று 100 பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது அந்த நாட்டு மருந்துத் துறை தன்னிடம் இருந்த 239 இன்ஸ்பெக்டர்களையும் ரசாயன நிபுணர்களையும் கிட்டத்தட்ட முழுசாக ரோட்டில் இறக்கிவிட்டது. கடை கடையாகப் போய் ரசீதைப் புரட்டி, டாக்டர் சீட்டைப் புரட்டி, வீடு தேடிப்போய், தயாரித்த 240 கேலனில் 234 கேலனை மீட்டார்கள். அதற்குப் பிறகுதான், 1938இல், விற்பதற்கு முன் பாதுகாப்பை நிரூபி என்கிற சட்டமே அங்கே வந்தது. எங்கள் ஊரில் அப்படி ஒரு தேடுதல் நடந்தால் எதைப் புரட்டுவார்கள்? சித்தப்பா கடையில் ரசீதுப் புத்தகம் இருக்கிறது, பெரிய ஐட்டங்களுக்கு எழுதுவார். எட்டு ரூபாய் அக்காமார் யாரும் அதில் கிடையாது.

நம் ஊர்ப் பட்டியலும் நீளம்தான். 1973 சென்னை, 14 பிள்ளைகள். 1986 மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரி, கிளிசரினில் கலந்து 14 பேர், அதற்கு நீதிபதி லென்டின் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷன். 1998இல் குருகிராம் பக்கம், 2020இல் ஜம்மு பக்கம். அப்புறம் 2022இல் நம் நாட்டு மருந்து குடித்துக் காம்பியாவில் 70 பிள்ளைகள் அளவுக்கு, உஸ்பெகிஸ்தானிலும் அதேபோல. உலகமே திரும்பிப் பார்த்ததும் அரசாங்கம் ஒரு காரியம் செய்தது: 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகிற இருமல் மருந்து ஒவ்வொன்றும் அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்கின பிறகுதான் கப்பல் ஏறணும்.

நல்ல விசயம். ஆனால் உள்ளூரில் விற்கிற மருந்துக்கு அந்த விதி கிடையாது! காம்பியா பிள்ளைக்குச் சோதித்து அனுப்பு, சிந்த்வாரா பிள்ளைக்கும் சேரன்மகாதேவி பிள்ளைக்கும் கம்பெனிக்காரன் சொல்வதே போதும். சோறு ஆக்கிப் பந்திக்கு விருந்தாளி வந்தால் ருசி பார்த்துப் போடுவது, வீட்டுப் பிள்ளைகளுக்கு அடிப்பிடித்ததைச் சுரண்டிப் போடுவது. இதை எந்தத் தாயாவது செய்வாளா?

சரி, அந்த அக்டோபருக்கு வருகிறேன். இரண்டு மூன்று நாளில் வாட்சப்பில் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் மாத்திரை வாங்குகிற கூட்டத்தை விட பாட்டிலோடு நின்ற கூட்டம் அதிகம். மூடி ஒட்டிக்கொண்ட பாட்டில், லேபிள் பாதி கிழிந்த பாட்டில், ஒரு அக்கா இடுப்பில் பிள்ளையையும் கையில் மூன்று பாட்டிலையும் வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, இதுல எது விசம்னு பாத்துச் சொல்லுங்க” என்கிறாள். சித்தப்பா அந்த மருந்தை ஒருநாளும் வாங்கி விற்றதில்லை. ஆனாலும் ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பெயரையும் பேட்ச் நம்பரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். லேபிள் கிழிந்ததை என்ன சொல்வது? “வாய்க்கால்ல ஊத்திராத தாயி, எங்கிட்ட குடுத்துரு” என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்து எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தேன். என் பையனுக்கு இரண்டரை வயசு. போன தடவை சளி பிடித்தபோது ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்த மருந்து பாதி பாட்டில் இருந்தது. கோல்ட்ரிஃப் இல்லை, வேறு பெயர். ஆனால் அதே வகைக் கலவை: குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின். லேபிளைப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், இங்கிலீஷில், நாலு வயசுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று போட்டிருந்தது. 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்படி எழுதியே ஆகணும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. கம்பெனிக்காரன் உத்தரவுப்படி எழுதியிருக்கிறான். டாக்டர் படிக்கவில்லை. பாளையங்கோட்டையில் நான் வாங்கின கடையிலும் படிக்கவில்லை. மருந்துக் கடையிலேயே வளர்ந்த நானும் படிக்காமல் ஐந்து நாள் ஊற்றியிருக்கிறேன். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

யாரிடம் போய்க் கேட்பது என்று பார்த்தால் அதுவே ஒரு பெரிய வரைபடம். புது மருந்துக்கு அனுமதி கொடுப்பது டெல்லி. ஆலைக்கும் கடைக்கும் லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். மருந்தாளுநருக்குப் பார்மசி கவுன்சில். டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில், அதற்கு மேலே 2020இல் வந்த தேசிய மருத்துவ ஆணையம். கிளினிக்குக்குத் தனிச்சட்டம், அது ஒரு தமாசு: தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் போட்டது 1997இல், அதை நடத்துவதற்கான விதிகள் வந்தது 2018இல். பிறந்த பிள்ளைக்கு இருபத்தோரு வயசில் பெயர் வைத்த கதை. கோல்ட்ரிஃப் விசயத்திலும் மத்தியத் துறை மாநிலத்தைக் கை காட்டியது, மாநிலம் மத்தியத்தைக் கை காட்டியது.

டெல்லியில் மேலே இருக்கிற அந்த மருந்து அமைப்பைப் பற்றியும் ரொம்ப மரியாதை வைக்க முடியவில்லை. 2012 மே மாதம் நாடாளுமன்ற நிலைக்குழு ஒரு அறிக்கை கொடுத்தது. புது மருந்தை அனுமதிக்கலாம் என்று வெவ்வேறு ஊர் டாக்டர்கள் எழுதிய பரிந்துரைக் கடிதங்கள் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்ததை அதில் சொல்லியிருக்கிறார்கள். பரீட்சையில் காப்பி அடிக்கிற பையன்கூட இரண்டு வார்த்தையை மாற்றிப் போடுவான்.

ஆள் பற்றாக்குறை என்பது உண்மைதான். மத்திய அரசு போட்ட மஷேல்கர் குழு 2003இலேயே 50 ஆலைக்கு ஒரு இன்ஸ்பெக்டர், 200 கடைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வேணும் என்று கணக்குச் சொல்லிவிட்டது. ஒரு நாள் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து அம்பாசமுத்திரம் பஸ்ஸில் போகும்போது ரோட்டோரம் எத்தனை மெடிக்கல் என்று எண்ணிக்கொண்டே போனேன். நாற்பதைத் தாண்டியதும் தூங்கிவிட்டேன்.

சித்தப்பா கடையில் மாதிரி எடுத்தது எனக்குத் தெரிய ஒரே தடவை. ஆறேழு வருசம் இருக்கும். டிஐ, அதாவது மருந்து இன்ஸ்பெக்டர், வந்து ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒன்றைக் கேட்டார், அதற்குரிய விலையைக் கொடுத்தார், அச்சடித்த படிவம் எழுதிக் கொடுத்தார், நாலு பங்காகப் பிரித்து ஒவ்வொன்றையும் கவரில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார். ஒரு பங்கு அரசு ஆய்வாளருக்கு, ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று தயாரித்த கம்பெனிக்கு, ஒன்று கடைக்காரருக்கு. 1940ஆம் வருச மருந்துச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. எத்தனை யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றும், ஒருத்தரும் ஒருத்தரை ஏமாற்ற முடியாது. முடிவு வருவதற்குள் மாசங்கள் ஓடிவிட்டன. தரமாக இருக்கிறது என்றுதான் வந்தது. ஆனால் அதற்குள் அந்த பேட்ச் முழுக்க விற்று, தின்று, சீக்கும் போயாச்சு. தரமில்லை என்று வந்திருந்தால்? அந்த அரக்குக் கவர் இன்னும் கல்லாவுக்குப் பின்னால் கிடக்கிறது. சித்தப்பா தூக்கிப் போட மாட்டார். “கெவுருமெண்டு முத்திரைல்லா, கிடக்கட்டும்.”

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது, 26. கடையில் மருந்து வாங்கின யாரும், நீங்களோ நானோ, படிவம் எழுதிக் கட்டணம் கட்டினால் அந்த மருந்தை அரசு ஆய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம், எழுத்தில் முடிவு தரணும். எனக்கே இது போன வருசம்தான் தெரியும். ஒரு அலுவலகத்தில் போய் அந்தப் படிவத்தைக் கேட்டேன். அங்கே இருந்தவர் நல்ல மனுசன், கோபப்படவில்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்து, “இதை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையே சார், எதுக்கு உங்களுக்கு?” என்றார். எதுக்கு என்று கேட்டதும் எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

பக்கவிளைவு சொல்வதற்கும் ஒரு வழி இருக்கிறது. 2010இல் தொடங்கின திட்டம். 1800-180-3024 என்று இலவச எண், தமிழிலேயே படிவம். எங்கம்மாவுக்கு பிரசருக்கு அம்லோடிபின் ஆரம்பித்ததும் இரண்டு காலும் வீங்கிவிட்டது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், வீக்கம் வடிந்தது. இது ரொம்ப காலமாக எல்லாருக்கும் தெரிந்த பக்கவிளைவுதான், நான் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை, இருந்தாலும் ஒரு தடவை எழுதிப் பார்ப்போம் என்று படிவத்தை எடுத்தேன். பெயர்ச் சுருக்கம், வயசு, என்ன மருந்து, எப்போது ஆரம்பித்தது என்று எழுதிக்கொண்டே வந்தால் எக்ஸ்பைரி தேதி கேட்கிறது. அம்மாவின் டப்பாவைத் திறந்தேன். நாலு மாத்திரை, வெட்டின அட்டை, ஓரம் இல்லை.

ஒன்று மட்டும் இதில் ஆறுதல், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மாத்திரையைத் ‘தர்மாஸ்பத்திரி மாத்திரை, கேக்காது’ என்று சொல்லி வாங்கிவந்து அப்படியே பரணில் போட்டுவிட்டு மெடிக்கலுக்கு வருவார்கள். உண்மையில் அரசு ஆஸ்பத்திரி மருந்தில் பெரும்பகுதி 1994இல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்குவது. ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்துத் தனி ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். காசு கொடுத்து வாங்குவதற்கு அப்படி ஒரு சோதனையும் இல்லை, காசில்லாமல் கிடைப்பதற்கு இருக்கிறது. அந்த முறையைத் தனியார் மருந்துக்கும் கொண்டுவந்தால் செலவாகும், மருந்து விலை ஏறும், சின்ன ஆலைகள் மூடிப்போகும் என்கிறார்கள். சில ஆலைகள் மூடிப்போவது நல்லது என்பதுதான் என் கட்சி.

போன மாசம் கடைக்குப் போனபோது சித்தப்பா கையில் கத்தரிக்கோலோடு ஒரு சிவப்புப் பேனாவும் இருந்தது. அட்டையை அதே பழைய பக்கத்திலிருந்துதான் வெட்டுகிறார். ஆனால் கவரில் கீறல் போட்ட பிறகு அட்டை ஓரத்தைப் பார்த்துப் பேட்ச் நம்பரை எழுதுகிறார். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, ஒவ்வொரு எழுத்தாக. கூட்ட நேரத்தில் இது நடக்காது என்று நினைத்தேன். நடக்கத்தான் இல்லை, ஏழெட்டுப் பேர் நின்றால் விட்டுவிடுகிறார். கூட்டம் குறைந்ததும் மறுபடியும் பேனாவை எடுக்கிறார்.

ஒரு ஆச்சி முட்டுவலிக்கு இரண்டு மாத்திரை வாங்கினாள். கவரைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டுப்போய், “இது என்னய்யா, இருநூத்திப் பதினேழா? ரெண்டு மாத்திரைக்கா?” என்றாள்.

“வெலை இல்ல ஆச்சி. அது அந்த மாத்திரையோட நம்பரு. நாளைக்கி ஒண்ணுன்னா எங்க செஞ்சதுன்னு கண்டுபிடிக்கணும்லா.”

ஆச்சி கவரை இன்னொரு தடவை பார்த்தாள்.

“மாத்திரைக்கும் ஆதாரு குடுத்துட்டாவளா?” என்று கேட்டுக்கொண்டே அதை நாலாக மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்தாள், வெற்றிலைக்குப் பக்கத்தில்.